கார்டு சாபின் விசில்

1
இந்தக் கதை ஒரு பெரும் துயரத்தில் பிறந்தது என்று தொடங்க ஆசைதான். உண்மையில் எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்ததில் பிறந்தது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் கீழ்வீட்டுக்காரர் தண்டபாணி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சர்க்கரை கேட்கப் போனேன். மஞ்சள் கொண்டையும் சிவந்த கன்னமுமாக அவர் வளர்க்கும் காக்டீல் கிளி, பந்து மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது. ரயில் கார்டு போலவே விசிலடிப்பதால் அதற்குக் கார்டு சாப், அதாவது கார்டு ஐயா, என்று பெயர்.

"பாத்தியாம்மா, எப்படி குண்டாயிட்டான். நாலு நாளா விசில்கூட இல்ல. புத்தி வந்துடுச்சு."

சின்ன வயதில் நான் வளர்த்த லவ் பேர்ட்ஸில் ஒன்றும் இப்படித்தான் 'குண்டாகி' மூன்றாம் நாள் செத்தது. உப்பியிருப்பது சதை அல்ல. உடம்புக்கு முடியாமல் சூட்டுக்காக இறகைச் சிலுப்பிக்கொள்கிறது. (கட்டுரை வாடை அடிக்கிறது. இருக்கட்டும், யாருக்காவது உதவும்.)

2
முதலில் எழுதிய தொடக்கம்: "இரக்கமற்ற அந்தக் கிழவர் தன் பறவையை…"

அடித்துவிட்டேன். தினமும் கொத்தமல்லியைக் கழுவி, ஈரம் துடைத்து ஊட்டுகிறவரை எப்படி வில்லனாக்குவது?

3
"டாக்டர்கிட்ட காட்டலாம் அங்கிள்."

"நக்கோம்மா, வேண்டாம். கைக்கு, எதுக்கு? ஓடுற எஞ்சின நான் பிரிக்க மாட்டேன்."

கூண்டை நெருங்கினேன். கார்டு சாப் சட்டென்று இறகை ஒடுக்கிக்கொண்டு நிமிர்ந்தது. தினையைக் கொத்துவதுபோல் பாவனை வேறு. தண்டபாணி ஜெயித்த பார்வை பார்த்தார். அன்று மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே நாடகம்.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: பறவைகள் நோயை மறைக்கும். நோஞ்சான் என்று தெரிந்தால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். கூண்டுக்குள்ளும் அந்தப் பயம் விடுவதில்லை. கதாபாத்திரங்களும் அப்படியே. நான் நோட்டைத் திறந்தால் தண்டபாணி வசனம் பேசத் தொடங்கிவிடுகிறார்.)

4
போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, கூண்டைப் பார்த்தபடி சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு, அவரை பால்கனிக்கு அழைத்துப்போய்ப் பத்து நிமிஷம் ஒர்க்‌ஷாப் கதை கேட்டேன். பிறகு இருவரும் வீடியோவைப் பார்த்தோம். நாங்கள் கதவைத் தாண்டியதுமே அது உப்பியது. கண் சொருகியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"லோடு இழுக்க முடியல இவனுக்கு. நாப்பது வருஷம் சத்தத்த வெச்சே எஞ்சின் கோளாறு சொன்னவன்மா நான். இவன் சத்தம் போடலன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்கேன்."

செகந்திராபாத் வரை ஆட்டோவில் கூண்டு அவர் மடியில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரிடம் "ஆஹிஸ்தா, பாய்" என்று மெதுவாகப் போகச் சொன்னார். பறவை டாக்டர் ஸ்டெல்லா கார்டு சாபைத் தராசில் நிறுத்துப் பார்த்தார்.

"எழுபது கிராம். தொண்ணூறு இருக்கணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்."

பத்து நாள் மருந்து.

5
முடிவு அ: வெறும் கூண்டின் முன்னால் தண்டபாணி… மாட்டேன். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு ஆ: குணமாகி விசிலடிக்கிறது. இது இன்று காலை நடந்தது. ஏழாம் நாள், எழுபத்தெட்டு கிராம். நான் உள்ளே நுழைந்ததும் நீளமாக ஒரு விசில். நான் குதித்தேன். தண்டபாணி அசையவில்லை.

"உன்னப் பாத்து ஊதுறான். இதெல்லாம் கணக்குல சேராது. யாரும் பாக்காதப்ப ஊதட்டும், நம்புறேன்."

நியாயம்தான். அதனால் இருவரும் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம். நோட்டு என் மடியில். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டரையே பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் தினை உடைபடும் சத்தம் கேட்கிறது.

நீங்கள் ஒருவர்தான் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.