உப்புப் போடாத நாள்

தபால்காரர் ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தபோது பேக்கரியில் வேறு யாரும் இல்லை. அவர் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. கொஞ்சம் பிட்டு வாயில் போட்டுப் பாருங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கல்லாவில் இருந்தவள் போட்டுப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. உப்பே இல்லை. இந்த ரொட்டியில் இல்லை என்றால் அன்று போட்ட எந்த ரொட்டியிலும் இல்லை. விடிந்ததிலிருந்து பாதித் தெருவுக்கு விற்றாகிவிட்டது. உள்ளே அடுப்பருகிலிருந்து எட்டிப் பார்த்த கணவர் ஒரு துண்டை வாங்கி மென்றார். மாவுக் கம்பெனிக்காரன் என்னமோ பண்ணிவிட்டான் என்று முகத்தில் எதையும் காட்டாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாவுக் கம்பெனிக்காரன் ஒன்றும் பண்ணவில்லை என்பது இருவருக்கும் தெரியும். பிசைவது அவர், அளந்து போடுவது அவள்; கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த மாவுக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈஸ்ட் என்று சொல்லக்கூடியவள். இப்போது உப்பு டப்பாவின் முன்னால் நின்று, போட்டோமா இல்லையா என்று விழித்துக்கொண்டிருந்தாள்.

சிமெண்ட் தரையில் காலமெல்லாம் நின்றதற்கு முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வட்டி வாங்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. எலும்பு டாக்டர் கொடுத்த மாத்திரையை முதலில் அவள் கும்பிடாத குறைதான். பிறகு கால் எரிகிறதென்று நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் ஒன்று எழுதினார். தூக்கம் வரவில்லை என்றதற்குப் பக்கத்துக் கிளினிக்கில் இன்னொன்று. போதாக்குறைக்கு நாத்தனார், தனக்கு அமிர்தம் மாதிரிக் கேட்டதென்று ஒரு பச்சை மாத்திரை அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் நல்லதுதான் செய்தது. வலி அடங்கியது. கூடவே அவளும் அடங்கிப்போனாள்.

பேச்சின் நடுவே சொல் நழுவியது. நாள்தோறும் வருகிறவர்களின் முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. ஒருநாள் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையில் நின்று எந்தப் பக்கம் வீடு என்று யோசிக்க வேண்டியிருந்தது. செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து கொஞ்ச நேரத்தைக் கடத்தினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுடைய அம்மாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தாள். தலைவாரி விட்டுக்கொண்டிருந்த மகளையே கண்ணாடியில் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதைதான் தாங்க முடியாததாக இருந்தது.

உப்பு விஷயம் நடந்த அன்று மத்தியானம், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கடையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள்.

"வலி ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"வலி இல்லைங்க. நான்தான் இல்ல." சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மகளுக்குப் போன் பண்ணினார். பண்டிகை வாழ்த்துக்குக்கூட 'இந்தா, உங்கம்மாகிட்ட பேசு' என்று போனை நீட்டிவிடும் மனிதர் தானாகக் கூப்பிட்டதே மகளுக்குப் போதும். லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். வயதானவர்களுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. இன்றைக்கு என்ன கிழமை, ரொட்டி எப்படிச் செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் மருந்தெல்லாம் வேண்டும், ஒன்று விடாமல் வேண்டும் என்றார். கூட வந்திருந்த கணவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ரொட்டிப் பையில் அள்ளிக்கொண்டு வந்தார். மேஜையில் கொட்டியதும் மகள் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்தார். நாத்தனாரின் பச்சை மாத்திரையையும் நரம்பு டாக்டரின் மாத்திரையையும் எடுத்துத் தனியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பேருதான் வேற. ரெண்டும் ஒரே மருந்தும்மா. அதுக்கு மேல வலி மாத்திரை, தூக்க மாத்திரை வேற. உங்க வயசுல உடம்பு இதையெல்லாம் சீக்கிரம் வெளியேத்தாது. இளவட்டம் சாப்பிட்டாலே தள்ளாடும்."

"அப்ப, எங்கம்மாவுக்கு வந்தது இல்லையா?"

"மருந்தைக் குறைச்சுட்டு மறுபடியும் பார்த்துத்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு." பிறகு அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். "வலியே இல்லாம பண்ணிடறேன்னு சொல்ல மாட்டேன். நீங்க நடக்கணும், வேலை செய்யணும், நீங்களா இருக்கணும். அதுக்கு எவ்வளவு மருந்து வேணுமோ அவ்வளவுதான்."

எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி, மற்ற டாக்டர்களிடமும் பேசிவிட்டு, படிப்படியாகக் குறைத்தார்கள். முதல் சில வாரங்கள் பாடாய்ப் படுத்தின. தூக்கம் போக்குக் காட்டியது. வலி, வெளியூர் போயிருந்த குடித்தனக்காரன் போல மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தது. நாத்தனார் வேறு, நான் நல்லதுக்குத்தானே கொடுத்தேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வலி வந்தபின் அதைத் துரத்திக்கொண்டு ஓடாமல், வேளா வேளைக்கு ஒரு சாதாரண மாத்திரை, முழங்காலுக்குக் களிம்பு, காலை நீட்டி மடக்கும் பயிற்சி, நிற்பதற்குப் பதில் உட்கார்ந்து அளக்க ஒரு உயரமான ஸ்டூல். இதற்கெல்லாம் கேட்குமா என்று அவளுக்கே அவநம்பிக்கைதான். முழுதாகக் கேட்கவில்லை. பாதி கேட்டது. அந்தப் பாதியோடு காலம் தள்ள முடிந்தது. மூடுபனி விலகுவது போல என்றுகூடச் சொல்ல முடியாது. அது பாட்டுக்கு நடந்தது. ஒரு நாள் போன பெயர் வந்தது, மறுநாள் இன்னொன்று. மறுபடி பரிசோதித்த டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, இது அந்த நோய் இல்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள் என்றார். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவள் அழுது தீர்த்தாள். மகள் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை. அடுப்பிலிருந்து எடுத்த பன் தட்டோடு வந்த கணவர், தபால்காரரிடம் ஏதோ பேச்சுவாக்கில், கல்யாணமானதிலிருந்து இவளை ஒரு தடவைகூட நான் காக்க வைத்ததில்லை என்று பெருமை அடித்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து மாவு அளந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, கல்யாணமான புதுசுல, தண்ணி வாங்கிட்டு வர்றேன்னு ரயிலை விட்டு இறங்கினீங்களே? கோடு போட்ட சட்டை. ரெண்டாவது பட்டன் இல்ல. உங்க சிநேகிதன் அந்த வழுக்கைத் தலையனைப் பார்த்ததும் வாயைப் பொளந்துட்டு நின்னீங்க. வண்டி கிளம்பிடுச்சு. நான் ஜன்னல்ல இருந்து கத்தறேன், நீங்க அந்தாளு தோள்ல கையைப் போட்டுச் சிரிக்கறீங்க."

இத்தனை வருடங்களாக, வண்டிதான் நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது என்று சாதித்து வந்தவர் அவர். இப்போது மறுக்க வாயெடுக்கவில்லை. தபால்காரர் தர்மசங்கடத்தோடு ரொட்டியைப் பார்ப்பது போல நின்றார். அவள் ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலியின் ஒரு அலை கடந்து போகட்டும் என்று நிறுத்தினாள்.

சூடு கையைச் சுட்டபோதும் அவர் தட்டைக் கீழே வைக்கவில்லை. பன்களிலிருந்து ஆவி எழும்பி அவருடைய மூக்குக் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது.

"ம்," என்றார். "அப்புறம்?"