எட்டு மாதப் பால்

ரோகினிக்கு அன்று காலையிலேயே உடம்பை அடித்துப் போட்டதுபோல் இருந்தது. எட்டு மாதமாக வாரம் இரண்டு முறை புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, தோட்டத் தொழிலாளி மங்கம்மா மரத்தை வெட்டி வடித்துக் கொடுக்கும் பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு சிரம்பான் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுகிறாள். அந்தப் பாலில் ஒரு புரதம் இருக்கிறது. ரப்பர் கையுறை போடும் மருத்துவமனைத் தாதிகள் சிலருக்குக் கையெல்லாம் தடித்துப்போவது அதனால்தான். அதைக் கற்கண்டு மாதிரி படிகமாக்கி வடிவத்தைப் பார்த்துவிட்டால், அதைக் கவ்விப் பிடித்து அடக்குகிற இன்னொரு புரதத்தைக் கணினியில் வடிவமைத்துவிடலாம். அந்த மகராசனோ படிகமாவேனா என்கிறான். ஒவ்வொரு தடவையும் மிஞ்சுவது பழுப்புக் கசடுதான்.

வெள்ளிக்கிழமையோடு திட்டத்தை இழுத்து மூடுகிறார்கள். ரோகினியின் வேலையும் அதோடு சரி.

கடைசிப் பயணமாயிற்றே என்று பெவர்லியும் கூட வந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் படிகத்துக்கு எக்ஸ்ரே பிடிப்பது அவள் வேலை. பிடிக்க ஒன்றும் வராததால் எட்டு மாதமாக இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரம்பான் டவுனில், லோபாக்கில் பிறந்து வளர்ந்தவள், ரப்பர் பாலைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. காரில் திரும்பும் வழியில், ஆசைக்கு ஒரு போத்தலைத் திறந்தவள் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, என்னா நாத்தம் இது? அமோனியா லா!"

"பால்னா அப்படித்தான் இருக்கும். மூடு," என்றாள் ரோகினி.

சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

அமோனியா பட்டால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் அது தெரியாதவர் கிடையாது. ஆனால் பாலைச் சுழற்றிக் கழுவிப் புரதத்தைப் பிரிப்பது ரோகினி ஒருத்திதான். மற்றவர்கள் கைக்குப் போகும்போது அதில் வாசமே இருக்காது.

காரைத் திருப்பினாள். மங்கம்மா இன்னும் ரப்பர் மர நிரையில்தான் நின்றாள்.

"அக்கா, போத்தல்ல அமோனியா ஊத்துறீங்களா?"

"ரெண்டு சொட்டு விடுவேன் தங்கச்சி. பால் கெட்டுப்போவாம பாத்துக்குங்கன்னு நீதான சொன்ன? சிரம்பான் போறதுக்குள்ள கட்டிப்போச்சுன்னா நீ யாருக்குப் பதில் சொல்லுவ?"

ரோகினிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மங்கம்மா இடத்தில் ரோகினியின் அப்பா இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர்.

பெவர்லி ரோகினியைத் தள்ளிக் கூட்டிப் போனாள். "டாக்டர் டேரன் கிட்ட சொல்லாத. புரதம் சரியில்லன்னு முடிச்சிருவாங்க. உன் பேராவது கெடாம இருக்கும்."

நியாயமான பேச்சுதான். ரோகினிக்கு எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பில்லை. இருந்தாலும், சரியில்லாதது புரதம் இல்லை என்று தெரிந்த பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் டேரனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டார்: "எட்டு மாசம் ரோகினி. ஒரு நாள்கூட உனக்கு நாத்தம் தெரியலையா?"

"எங்கப்பா சட்டையில தினம் அடிச்ச வாசம் டாக்டர் அது. எனக்கு எங்க தெரியும்?"

அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மேலிடத்துல இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாக்குறேன். கொடுக்கலாம், கொடுக்காமலும் போவலாம். ஆனா உன் தப்புன்னு எழுதித்தான் கேக்க முடியும்."

"எழுதுங்க டாக்டர்."

மங்கம்மா பால் பிடிக்கும் மங்கு ஒன்றை நன்றாகக் கழுவி வைத்து, அடுத்த மரத்தின் பட்டையைச் சீவினாள். வெள்ளை வெளேரென்று பால் சொட்டத் தொடங்கியது. பெவர்லி குனிந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள். "இப்ப ஓகே லா. ஒரு நாத்தமும் இல்ல."

ரோகினியும் பக்கத்தில் குந்தி முகர்ந்து பார்த்தாள். அசதியில் கண் கலங்கியது. அந்த வாசம் இல்லாமல் அவளுக்கு அது பாலாகவே படவில்லை.