எல்னாவின் ஈரம்

1913 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோபன்ஹேகன் மீன் சந்தையில் நின்றிருந்த நடிகை எல்னா, தலை முதல் கால் வரை கடல் தண்ணீரில் நனைந்தாள். மழை இல்லை. மீன் விலையும் அன்று ஏறவில்லை. இரண்டே வாரத்தில் காரணம் ஊருக்கே தெரிந்துவிட்டது. இயக்குநர் தோர்கில்ட் எடுத்த மௌனக் காதல் படத்துக்கு, அந்தக் கால வழக்கப்படி, இரண்டு முடிவுகள். அழாமல் வீடு திரும்பினால் சாப்பாடு இறங்காத ரஷ்யர்களுக்காக எல்னா கடலில் மூழ்கிச் சாவாள். மற்ற தேசத்தாருக்காகக் காதலனைக் கல்யாணம் செய்துகொள்வாள். மாஸ்கோத் திரையில் மூழ்கும்போதெல்லாம் இங்கே நனைந்தாள். அடுப்படியில் உட்கார்ந்தாலும் காயாத அந்த ஈரம், பெர்லினில் கல்யாணம் நடந்தால் காய்ந்துவிடும். கூந்தலில் மணமகள் சூடும் இலைக் கிரீடத்தின் வாசம் அடிக்கும். இப்படியே பதினைந்து வருஷத்தை ஒப்பேற்றினாள்.

பேசும் படம் வந்ததும் பழைய சுருள்களை, அவற்றின் பூச்சில் இருந்த வெள்ளிக்காக, உருக்கினார்கள். மிஞ்சியது தோர்கில்ட் வீட்டு அலமாரியில் இருந்த ஒரே பிரதி, இரண்டு முடிவுகளோடு. எல்னா இருமிக்கொண்டே அவர் வாசலில் போய் நின்றாள்.

"சார், நான் மூழ்குற சுருளை எரிச்சிடுங்க. நெஞ்செல்லாம் சளி. இன்னொரு குளிர்காலம் தாங்காது."

"ஒண்ணைத்தான் வச்சுக்கப் போறேன், கவலைப்படாத," என்றார் தோர்கில்ட். சொன்னபடியே தோட்டத்தில் ஒன்றை எரித்தார், பாவி மனிதர். கல்யாணத்தை. "கல்யாணத்தை எவன் வேணா எடுப்பான் எல்னா. நீ சாகுற அழகுதான் என் பேரைச் சொல்லும்."

அன்று அவள் கூந்தலில் கருகிய இலைவாசம் அடித்தது. அதன்பின் அவள் காயவே இல்லை. சாகவும் இல்லை.

தோர்கில்ட் செத்தார். ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். கல்லூரிகளில் அந்தக் கடைசிக் காட்சியைப் பாடமாக நடத்தினார்கள். 1978இல் அவருடைய நூற்றாண்டு விழாவுக்காக, முதியோர் இல்லத்தில் இருந்த எல்னாவைப் பார்க்க ஒரு பத்திரிகைக்காரி வந்தாள். அவர் எப்படிப்பட்ட மேதை என்று கேட்டாள்.

"மேதைதான் கண்ணு. அறுபத்தஞ்சு வருஷமா நனைக்கிறாரு. துவட்டிக்க ஒரு துண்டு குடுத்ததில்ல."

பத்திரிகையில் முதல் இரண்டு சொற்கள் மட்டும் வந்தன.

இல்லத்துப் பணிப்பெண் கிர்ஸ்டன் நாற்காலிக்கு அடியில் நிரம்பிய வாளியை இழுத்தபடி, "இன்னைக்கு எந்த ஊரும்மா?" என்றாள்.

"பாரிஸ். மூணு காட்சியாம்."

கிர்ஸ்டன் இன்னும் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தாள். உப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது என்பதால், நிரம்பியதைச் சாக்கடையில் கொட்டப் போனாள்.