செத்துச் செத்து எழுந்த மழைக்காவல்

1

இந்தக் கதையின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தியம் செய்துதான் எழுதுகிறேன். உள்ளங்காலில் குளிர் ஏறுகிறது. ஆகவே பொய்க்கு நேரமில்லை.

கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். வாழவந்திப் பக்கம் வேன் ஓட்டும் செபாஸ்டின் சொன்னது. ஒரு நிச்சயதார்த்தக் கூட்டத்தை ஒரே நாளில் ஆறு தடவை மலையில் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கினானாம். அவன் கொஞ்சம் மிகைப்படுத்துகிற ஆள். நான் நேர்மையாக எட்டு என்று போட்டிருக்கிறேன்.

முதல் வரி: "பனி மூடிய மலைப்பாதையில் ஒரு

வேண்டாம். ஏற்காட்டுக் கதைகளில் பனி மிஞ்சிப்போய் வாசகர்களுக்குச் சளி பிடிக்கிறது.

இரண்டாவது முயற்சி: "லினக்ஸ் என்பது

இதோடு பாதிப் பேர் எழுந்து போயிருப்பீர்கள். மீதிப் பேருக்கு மூன்றாவது: "வெண்ணிலாவுக்கு நிச்சயதார்த்தம். அப்பா வரமாட்டேன் என்றார்." இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அப்பா பெரியண்ணன் கல்நெஞ்சர் அல்ல. மாதம் தை. அவர் ஊரான செம்மநத்தத்தில் தை என்றால் பறித்த காபியெல்லாம் களத்தில் காய்கிற காலம். ஒரு மழை நனைத்தால் பூசணம் பிடித்து, வருஷத்து உழைப்பு எருக்குழிக்குப் போகும். அதனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. களத்தில் மழை வருவதைச் சொல்லும் ஊதல் கேட்டால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். நம் காபியா, பகையாளி காபியா என்று பார்க்கக் கூடாது. ஊதுகிறவர் பெரியண்ணன். மூட்டை கட்டும்வரை களத்தை விட்டு அசைந்ததில்லை. சொந்தத் தங்கை கல்யாணத்தையே போட்டோவில் பார்த்தவர்.

மாப்பிள்ளை சத்யராஜ் கிளியூர்க்காரன். தையை விட்டால் நல்ல நாள் இல்லை என்று அவன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். மண்டபம் ஏற்காடு டவுனில். அப்பா இல்லாத மேடையை வெண்ணிலாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அம்மா வருது, மாமன் வருது, நான் எதுக்கு கண்ணு? மழைய யாரு பாக்கறது?" என்றார் பெரியண்ணன்.

"மிஷின் பாக்குமுங்கப்பா."

"ஊதுமா?"

"எல்லாரு போன்லயும் ஊதும்."

அவர் வானத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "என்னையாட்ட அசையாம நின்னுச்சுன்னா வர்றேன்."

பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள் வெண்ணிலா. அந்த "என்னையாட்ட" அவளை எங்கேயோ குத்திவிட்டது.

3

களத்து ஓர அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. கூரைமேல், காற்றின் ஈரத்தை மோப்பம் பிடிக்கும் சென்சார். ஈரம் ஏறினால், அப்பாவின் ஊதலைப் பதிவு செய்த சத்தம் ஊர்க்காரர்கள் எல்லாருடைய போனிலும் கேட்கும். அந்தப் புரோகிராமுக்கு மழைக்காவல் என்று பெயர் வைத்துப் பின்னணியில் ஓடவிட்டாள்.*

* பின்னணி: பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவனை எல்லாருக்கும் தெரியும். கொல்லையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவனைத் தெரியாது. அவன் தூங்கிவிட்டால், சோறு வராதபோதுதான் அவன் ஞாபகம் வரும்.

முதல் பரீட்சை. லேப்டாப் வழியாக மழைக்காவலை ஏவிவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள். பெரியண்ணன் சென்சார்மேல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தார். சத்தமே இல்லை. கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டும் லினக்ஸின் குணம் அப்படி: ஏவியவர் வெளியேறினால் ஏவப்பட்ட வேலையும் கடையைக் கட்டிவிடும்.

"ரைட்டர் அக்கட்டால திரும்புனா கூடையக் கவுத்துப்போட்டு உக்காந்துக்கற எஸ்டேட் ஆளாட்டமல்ல இருக்குது" என்றார். (ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவர். என்னைச் சொல்லவில்லை.)

யார் போனாலும் நீ போகாதே என்ற கட்டளையை முன்னால் சேர்த்து மறுபடி ஏவினாள். இப்போது அவள் போனாலும் அது நின்றது. ஆனால் மறுநாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அதுவாகவே செத்துக் கிடந்தது.

ஆகவே ஒரு மேஸ்திரியை வைத்தாள். மேஸ்திரியும் ஒரு புரோகிராம்தான். மழைக்காவல் விழுந்தால் எழுப்பி நிறுத்துவது மட்டுமே அதன் தொழில். எத்தனை தடவை? எத்தனை தடவையானாலும். எழுந்ததும், எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடும்போது குரல் கொடுப்பதுபோல, மழைக்காவல் ஒரே ஒரு ஊதல் ஊத வேண்டும். ஒன்றோடு நின்றால் ஆஜர். விடாமல் ஊதினால் மழை. இதை ஊர் முழுக்கச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

(தலையாட்டினார்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். கேட்டார்கள் என்று எழுதவில்லை.)

பெரியண்ணன் கண்ணெதிரில் மழைக்காவலைக் கொன்று காட்டினாள். உடனே எழுந்து ஒரு தடவை ஊதியது. அவர் மறுபேச்சுப் பேசாமல் வெள்ளை வேட்டியை எடுத்து வெயிலில் போடச் சொன்னார். வெண்ணிலா அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

4

(இந்தப் பகுதியில் சத்யராஜின் குணச்சித்திரம் இருந்தது. ரொம்ப நல்லவனாக வந்துவிட்டான். நம்ப முடியாததால் அடித்துவிட்டேன்.)

5

நிச்சயதார்த்தத்தன்று காலை. வெண்ணிலாவின் அம்மா அத்தாயி நல்ல நாளும் அதுவுமாக நிலைப்படிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். காபி அரைக்கும் மிஷினுக்கு வைத்தாள். மாமன் பைக்குக்கு வைத்தாள். மகளுக்காக ஓயாமல் உழைக்கும் சென்சாரை மட்டும் விட்டால் பாவமில்லையா? ஏணி போட்டு ஏறி, அதன் மூக்குத் துவாரத்திலேயே கெட்டியாகச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து இறங்கினாள்.

எல்லாரும் டவுனுக்குப் போன பிறகு சந்தனம் காய்ந்து இறுக, சென்சாருக்கு மூச்சடைத்தது. காற்று எப்படி என்று மழைக்காவல் கேட்டது. பதில் இல்லை. மழைக்காவல் விழுந்தது. மேஸ்திரி எழுப்பினார். (புரோகிராமுக்கு 'ர்' விகுதி எதற்கு என்று கேட்காதீர்கள். மேஸ்திரி என்றால் மரியாதை வேண்டும்.) எழுந்ததும் ஆஜர் ஊதல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேள்வி, மறுபடி சாவு.

டவுன் மண்டபத்தில், இரு வீட்டாரும் தட்டைக் கையில் தூக்கிய நேரம். பெரியண்ணன் முன்வரிசையில், மடிப்புக் கலையாத வேட்டியில். முதல் ஊதல்.

ஒன்றா, விடாமலா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் காபிக்காரனே அல்ல. மண்டபம் காலி. கிளியூர்க்காரர்களும் காபிக்காரர்கள்தான், அவர்களும் ஓடினார்கள். செபாஸ்டின் வேன் மூச்சிரைக்கக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே பல்லிளிக்கிற வெயில். விரித்த தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். மண்டப வாசலில் கால் வைத்ததும் மறுபடி ஊதல். இப்படிப் போனதும் வந்ததுமாக எட்டு நடை. மூன்றாவது நடையில் சமையல்காரர் கரண்டியோடு ஏறிக்கொண்டார். ஐந்தாவதில், தேனிலவுக்கு வந்த யாரோ இருவர் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார்கள். இன்னொரு முனை பாக்கி இருந்தது. அதை ஒரு காட்டெருமை மிதித்துக்கொண்டது. காட்டெருமையைச் செபாஸ்டின் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறைக்கு நான் போட்டது.

கல்யாணப் பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். உதவ முன்வந்தவன் சத்யராஜ். ஓடும் வேனில் தன் போன் வழியாகக் களத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து மழைக்காவலைக் கொன்றான்.

"முடிச்சுட்டேனுங்க" என்றான்.

ஊதியது.

"இல்லைங்க, இப்ப முடிச்சுட்டேன்."

ஊதியது.

அவன் கொல்லக் கொல்ல மேஸ்திரி எழுப்பினார். வேனுக்குள் எல்லாப் போனும் சேர்ந்து ஊத, முன்னால் போன பஸ் பயந்துபோய் வழிவிட்டது. சிரித்துச் சிரித்து வெண்ணிலாவின் கண் மை கன்னம்வரை வந்துவிட்டது. "ஏனுங்க, ஆளக் கொல்லாதீங்க, மேஸ்திரிய நிறுத்துங்க" என்றாள், மூச்சு வாங்கியபடி. மேஸ்திரியை நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு மட்டுமே இருந்தது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

6

இப்போது எல்லாரும் களத்தில். கூரைமேல் இருக்கும் சந்தனம் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. மேஸ்திரியை நிறுத்தும் கட்டளையை வெண்ணிலா எழுதிவிட்டாள். அனுப்பவில்லை.

மேஸ்திரியை நிறுத்தினால் ஊதல் ஓயும். ஆனால் மழையை யார் பார்ப்பது? பெரியண்ணன் இங்கேயே உட்கார்ந்துவிடுவார். அவர் இல்லாமல் மண்டபத்தில் தட்டு மாறும்.

அப்பா தார்ப்பாயின் ஒரு முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தட்டுக்காக நீட்டினார்.

"இங்கயே மாத்திக்கலாமுங்க. ரெண்டையும் என்னால பாத்துக்க முடியும்."

சம்பந்தி முறைத்தார். "தார்ப்பாய்க்குக் கீழ நின்னுக்கிட்டா தட்டு மாத்துவாங்க?"

"ஊதுனா நீங்க எங்க ஓடி வருவீங்க? இங்கதானுங்க. முன்கூட்டியே வந்துட்டதா நெனைச்சுக்கங்க."

முடிவுக்கு மூன்று எழுதிப் பார்த்தேன். முதலாவதில் நிஜமாகவே மழை வருகிறது: காபி தப்பிக்கிறது, நான் சினிமாக்காரன் ஆகிவிடுகிறேன். இரண்டாவதில் சம்பந்தி கோபித்துக்கொண்டு போய், அடுத்த ஊதலுக்கு அவராகவே ஓடி வருகிறார். மூன்றாவதில் வெண்ணிலா

இல்லை. அவள் விரல் திரைமேல் நிற்கிறது. அனுப்பினால் மண்டபத்தில் அமைதி உண்டு, அப்பா இல்லை. அனுப்பாவிட்டால் அப்பா உண்டு, ஆனால் ஒவ்வொரு ஊதலுக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயைப் பிடிக்க வேண்டும். விரலை உங்களிடம் விடுகிறேன். எனக்குக் கால் விறைத்துவிட்டது, செருப்பைத் தேட வேண்டும்.

ஒரே ஒரு தகவலை மட்டும் சொல்லாமல் போவது நியாயமில்லை: நிஜத்தில் பெரியண்ணனுக்குப் பிள்ளைகள் இரண்டு, இரண்டுமே பையன்கள்.