முந்திக்கொண்ட சாட்சி

ஆவடி குவார்ட்டர்ஸ் சபையில் ஒரு வழக்கம். ஜெபத்தில் கேட்டது கைக்கு வந்த பிறகுதான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு, வேலை உத்தரவு வந்த பிறகு. சாராளுக்கு இது தெரியாததல்ல; இருபது வருஷமாக அடுத்தவர் சாட்சிக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொன்னவள். ஆனாலும் எண்பத்தொன்பது செப்டம்பரில், இலங்கையில் போர்நிறுத்தம் என்று ரேடியோ சொன்னதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவளுடைய ஒரே மகன் டேவிட், இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தான். அமைதி காக்கப் போனவன் இரண்டு வருஷமாகச் சண்டையில் கிடந்தான். புருஷனை இழந்தவள், ஃபேக்டரியில் ராணுவச் சட்டை தைத்து அவனை வளர்த்தவள். அவன் உயிரோடு திரும்பினால் போதும் என்பதைத் தவிர வேறெதையும் ஆண்டவரிடம் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு எழுந்து நின்று, யுத்தம் நின்றது, என் பிள்ளை தப்பினான் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். சபை முழுக்க ஸ்தோத்திரம். வசந்தா மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். திருநின்றவூரில் வாடகைக்கு இருந்துகொண்டு மின்சார ரயிலில் கோயிலுக்கு வருவாள். ஆராதனை முடிந்ததும் சாராளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்கட மகன் வீட்டுக்கு வரட்டும், பிறகு சொல்லுங்கோ. சண்டை நிண்டிட்டுது எண்டுதான் எங்களுக்கும் சொன்னவை. அதை நம்பி வெளியில போய்த்தான் என்ர பெடியன் செத்தவன்."

நல்ல வார்த்தை பேசத் தெரியாத ஜென்மம் என்று சாராள் கையை உதறிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை சுபேதார் ஒருவர் தந்தியோடு வந்தார். ரோந்து போன லாரி கண்ணிவெடியில் ஏறி மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் டேவிட் ஒருவன். சுபேதார் நல்ல மனிதர்தான், பாவம். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அது பழைய வெடி, மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்தது, இரண்டு பக்கமும் சொன்ன சொல் தவறவில்லை, போர்நிறுத்தம் மீறப்படவில்லை.

"யாரும் மீறல. என் புள்ள மட்டும் பூட்டான். அப்டித்தானே சார்?" என்றாள் சாராள்.

சனிக்கிழமை பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள்; அப்படியே அடக்கம் செய்தார்கள். மறுநாள் சமாதானத்துக்கான நன்றி ஆராதனை என்று முன்பே அறிவித்தாகிவிட்டது. சாயங்காலம் போதகர் வந்து, நாளைக்கு வீட்டிலேயே இருந்து இளைப்பாறும்படி கேட்டுக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. இந்த உடன்பாட்டால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள், அதையும் நினைக்க வேண்டும் அம்மா என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. மறுத்துப் பேச முடியவில்லையே என்பதுதான் சாராளுக்கு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். சாட்சி நேரத்தில் எழுந்தாள்.

"போன வாரம் நான் சொன்னது பொய் சாட்சி. சண்ட நின்னது நல்லதுதான். அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க, நானும் சொல்றேன். ஆனா அந்த ஆயிரம் பேர ஒரு தட்டுல வச்சி, என் புள்ளய இன்னொரு தட்டுல வச்சி எட போடாதீங்க. அவங்க பொழச்சதால இவன் செத்தது கம்மியா ஆயிடாது."

சாராள் உட்காராமல் பின்பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"உன் புள்ள பேரு இன்னா வசந்தா?"

வசந்தா எழுந்தாள். மூன்று வருஷமாக இந்தச் சபைக்கு வருகிறாள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஜெயசீலன்," என்றாள் வசந்தா. "பதினேழு வயசு."

டேவிட், ஜெயசீலன் என்று இரண்டு பெயரையும் சாராள் சபைக்குச் சேர்த்துச் சொன்னாள். "இப்ப நன்றிப் பாட்டு பாடுங்க ஐயா," என்றாள்.

போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒருத்தராலும் பாட முடியவில்லை.