முப்பத்தொன்றாம் இலக்கத்துக்கு மாலை

ரொறன்ரோ போகப் பிக்கரிங்கில் ரயில் ஏறிய நேரத்திலிருந்து அருள்மலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். மகனுக்கு மரியாதை செய்யப்போகிறார்கள், ஊரே கூடப்போகிறது, பெற்றவளுக்கோ ஏதோ ஒரு பயம். சொன்னால் சிரிப்பார்கள்.

மகன் நிதுசன் ரொறன்ரோ ஹெரன்ஸ் பேஸ்போல் அணிக்காகப் பதினொரு வருடம் பந்து எறிந்தவன். இரண்டு சம்பியன் மோதிரம், ஒரு தடவை லீக்கின் சிறந்த பந்தெறிபவர் விருது. போன வருடம் தோள் விட்டுப்போய் விலகினான். இன்று மாட்ச் தொடங்குமுன் அவனுடைய சட்டையின் 31ஆம் இலக்கத்தை ஸ்ரேடியம் மதிலில் ஏற்றுகிறார்கள். இனி அந்த அணியில் வேறு யாரும் அதை அணிய முடியாது. அணியின் வரலாற்றிலேயே நாலு பேருக்குத்தான் இதுவரை அந்தப் பெருமை கிடைத்திருக்கிறது.

"அந்த நாலு பேரும் இப்ப எங்கை?" என்று பக்கத்தில் இருந்த மகள் கஜனியிடம் கேட்டாள்.

கஜனி போனைத் தட்டிப் பார்த்தாள். "நம்பர் ஃபோர், பந்து பிடிக்கிற கட்சர். செத்திட்டார். ஹோம் ரன் ரெக்கோர்ட் வச்சிருந்தவர், அவரும் இல்லை. லெஃப்ற் ஃபீல்ட் ஆளும் போன வருசம் செத்துப்போனார். மற்றவர் ஃப்ளோரிடாவிலை கோல்ஃப் விளையாடுறார். ஏன் அம்மா? ரிலாக்ஸ்."

நாலில் மூன்று. ரிலாக்ஸாம்! அருள்மலர் மறுபடி கைப்பையைத் திறந்தாள்.

வீட்டு வரவேற்பறையில் ஏற்கெனவே ஒரு படம் தொங்குகிறது. மூத்தவன் ஜதுர்சன். பதினாறு வயதில், 401 நெடுஞ்சாலையில், நண்பனின் காரில் போனவன் போனவன்தான். பதினேழு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படத்துக்கு மாலை மாற்றுகிறாள். அப்போது கஜனிக்கு மூன்று வயது. பெரியண்ணா என்றால் அவளுக்கு அந்தப் படமும் மாலையும்தான்.

ஸ்ரேடியத்தில் ஒரு பெண் வந்து இவர்களைப் புல்தரைக்குக் கூட்டிப்போனாள். நடுவில் துணி மூடிய பலகை ஒன்று. பக்கத்தில் நிதுசன், கோட் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு நின்றான். ஒலிபெருக்கியில் அவன் பெயர் முழங்க, துணியை இழுத்தார்கள்.

ஆளுயரப் படம். பந்தை ஓங்கிய கையோடு நிதுசன். படத்தின் மேல், இரண்டு பக்கமும் இறங்கித் தொங்கும் செவ்வந்தி மாலை.

சனம் எழுந்து கைதட்டியது. நிதுசனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உந்த மாலையை ஆர் போட்டது?" என்று அருள்மலர் கேட்டாள்.

"நான்தான் சொன்னனான்," என்றாள் கஜனி பெருமையோடு. "உங்கட ஆக்கள் ஒருத்தரை எப்பிடி மதிக்கிறனீங்கள் எண்டு ரீம்காரர் கேட்டவை. படத்துக்கு மாலை போடுறனாங்கள் எண்டு சொன்னன். ஸ்காபரோவிலை ஓடர் குடுத்ததும் நான்தான். பெரியண்ணாக்குப் போடுறனாங்கள்தானே?"

அருள்மலர் ஏச வாய் திறந்தாள். யாரை ஏசுவது? வெள்ளிக்கு வெள்ளி அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்தது இந்தக் கைகள்தானே.

யாரும் கூப்பிடாமலே அருள்மலர் நடந்தாள். ஒலிபெருக்கிக்காரர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். எட்டாத உயரத்துக்கு எக்கி, ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து, மாலையைப் படத்திலிருந்து கழற்றினாள். பூ சில உதிர்ந்தன. அப்படியே திரும்பி மகன் முன்னால் நின்றாள்.

"குனியடா."

நிதுசன் குனிந்தான். மாலையைக் கழுத்தில் போட்டு, இரண்டு கையாலும் அந்தக் கழுத்தை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். சுட்டது. நாடி துடித்தது.

"ஒரு படம் எனக்குக் காணும், தம்பி. இன்னொண்டு வேண்டாம்."

இதுதான் தமிழரின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு சனம் இன்னும் பலமாக ஆர்ப்பரித்தது. கஜனி மட்டும் கை தட்டவில்லை. ஓடி வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்ப உயிரோடை இருக்கிற ஆக்களுக்குக் கழுத்திலையா போடுறது?"

"ஓம் பிள்ளை."

கஜனியின் கண் நிறைந்தது. "பெரியண்ணாக்கு ஒருக்காலாவது கழுத்திலை போட்டனீங்களே?"

அருள்மலர் தலையாட்டினாள், இல்லை என்று. பின்னால் மதிலில் 31 மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.