பாத்திரத் தொட்டிக்கு மேலே வரும் புகை

2010ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து, முல்லைத்தீவுப் பக்கம் அருள்மலர் அடுப்பு மூட்டும்போதெல்லாம் அதன் புகை பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையத்துக்கு அருகே நான்காம் மாடியில் குடியிருந்த அவள் தங்கை துஷாந்தியின் சமையலறைக்கு வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, ஓட்டையோ வெடிப்போ இல்லாத வெள்ளைச் சுவரிலிருந்து அது வெளியேறியது. போர் முடிந்தபின் அடைக்கப்பட்டிருந்த முகாமிலிருந்து அப்போதுதான் விடப்பட்டிருந்த அருள்மலர், தறப்பாள் கொட்டிலில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் மத்தியான உலை வைக்கும் நேரம் தங்கை வீட்டில் காலைக் கோப்பி நேரம். மார்ச் கடைசியில் பிரான்ஸ் முழுக்க மணிக்கூட்டை மாற்றியபோது புகை மட்டும் மாறாமல் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. அதைக் கவனித்துத்தான் துஷாந்தி ஊருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, இப்ப தென்னம்பாளையோ எரிக்கிறாய்?"

"ஓம். உனக்கெப்பிடித் தெரியும்?"

"இஞ்சை மணக்குது."

அருள்மலர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அதுதானே பாத்தன், என்ரை கொட்டிலுக்கை ஒரு பொட்டுப் புகையில்லை" என்றாள்.

துஷாந்தியின் கணவன் குகதாசன் ஒரு இத்தாலிய உணவகத்தில் சமையல்காரன். அவன் வேலைக்குப் போகுமுன்பே அவன் சட்டையில் விறகு மணந்தது. தீயணைப்புக்காரர் இருமுறை வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, அது குளிர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை அது ஒரு குடும்பத்தின் புகைதான். ஜன்னலைத் திறந்தால் போய்விடும். ஆனால் அருள்மலரின் கொட்டிலில் ஈரவிறகு எரிந்தாலும் கண் எரிவதில்லை என்ற கதை அந்தக் குடியேற்றத்தில் பரவிற்று. பக்கத்துக் கொட்டில் கலாவதிக்கு இருமல் விடாத கைக்குழந்தை ஒன்று இருந்தது. அவள்தான் முதலில் பானையோடு வந்தாள். பத்து நாள் புகையில்லாத இடத்தில் கிடந்ததும் குழந்தை இருமாமல் நித்திரை கொண்டது. அதன்பின் எல்லாப் பெண்களும் தங்கள் பானையோடும் விறகோடும் வரத் தொடங்கினார்கள். அருள்மலர் கொட்டிலைச் சுற்றி மேலும் மேலும் கல் வைத்துக் கொடுத்தாள். பாரிஸில் நான்காம் மாடி இருண்டது. பால் புகைந்து கயர்த்தது, திரைச்சேலை மஞ்சளானது, படிக்கட்டில் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். அடுத்த கோடைக்குள் இது நிற்காவிட்டால் வீட்டை விடவேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார்.

"மற்றவையை வரவேண்டாமெண்டு உன்ரை அக்காவிட்டைச் சொல்லு" என்றான் குகதாசன்.

"சொன்னா அந்தப் பிள்ளை திரும்ப இருமும்."

"நாங்கள் றோட்டிலை நிக்கிறதோ?"

"நிப்பம்" என்றாள் துஷாந்தி. அவன் அன்று சாப்பிடாமலே வேலைக்குப் போனான்.

ஐந்தாம் மாடி சுசான் முறையிடத்தான் இறங்கி வந்தாள். அவள் வேலை செய்தது மடகாஸ்கர்க் கிராமங்களுக்கு விறகு மிச்சம்பிடிக்கும் அடுப்புகளைக் கொண்டுபோகும் ஒரு சிறிய சங்கத்தில். சுவரில் மூக்கை வைத்து மணந்து பார்த்தவள் முறைப்பாட்டை மறந்துபோனாள். என்ன விறகு, ஈரமா, எத்தனை பானை என்று கேட்டாள். புகை என்பது சரியாக எரியாமல் தப்பி வந்த விறகுதான் என்று துஷாந்திக்கு விளக்கினாள். மாரிக்கு முன்பே சங்கத்தின் தகர அடுப்புகள் அருள்மலரின் ஊருக்குக் கப்பலேறின. பெண்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படங்களும் வந்தன. சங்கத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். துஷாந்தியின் சுவரில் புகை மட்டும் ஒரு துளியும் குறையவில்லை.

சுசான் பக்கத்தில் இருக்கத் துஷாந்தி மறுபடியும் ஊருக்கு எடுத்தாள். அருள்மலர் முதலில் மழுப்பினாள். பிறகு உண்மையைச் சொன்னாள்: "அந்த அடுப்பின்ரை வாய் சின்னனடி. விறகைக் கொத்திக் கொத்தி சனத்துக்குக் கை போச்சு. புட்டுப்பானை வைச்சா ஆடுது. கலாவதியின்ரை அடுப்பிலை கோழி அடைகிடக்குது."

சுசானுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த தையில் அவளே ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கினாள். பெண்கள் பானைகளைக் கொண்டுவந்து மண்ணில் குந்தவைத்து வட்டம் கீறிக் காட்டினார்கள். புற்றுமண்ணும் வைக்கோலும் குழைத்து, தென்னைமட்டை முழுதாக நுழையும் வாயும், காற்று ஏறிவர அடியில் துளையும், இரண்டாவது பானைக்கு ஒரு கண்ணும் வைத்துக் கட்டினார்கள். முதல் அடுப்பு வெடித்தது. இரண்டாவதில் சோறும் கறியும் ஒரே நெருப்பில் வெந்தன, பாதி விறகு மிஞ்சியது. அதைக் கட்டி முடித்த நாளிலிருந்து கலாவதி தன் கொட்டிலிலேயே சமைத்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான்காம் மாடியில் துஷாந்தி சுவரைப் பார்த்தபடி நின்று, இன்றைக்கு ஒரு வீட்டுப் புகை குறைந்தது, இன்றைக்கு இரண்டு என்று சுசானுக்குச் சொன்னாள். சங்கத்துக்கு அதைவிட நம்பகமான செய்தி எங்கிருந்தும் வரவில்லை. உரிமையாளரும் வெள்ளையடித்துத் தந்துவிட்டு, வீட்டை விடச் சொன்னதை மறந்துவிட்டார்.

கடைசியில் அருள்மலருக்கு மட்டும் புதிய அடுப்பு இல்லை. சுசான் எவ்வளவோ கேட்டும், தனக்குத்தான் புகையே இல்லையே, பிறகு எதற்கு என்று சொல்லிவிட்டாள். தங்கையும் அவளை வற்புறுத்தவில்லை. அதன்பின் காலைக் கோப்பியோடு ஒரு மெல்லிய இழைப் புகை மட்டும் வந்தது. அதில் பாளை மணந்தால் அக்காவுக்கு விறகு பொறுக்கப் போக நேரமில்லை என்றும், நின்றெரியும் பாலைவிறகு மணந்தால் வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றும் துஷாந்தி தெரிந்துகொண்டாள்.

2018இல் அவர்கள் பாரிஸின் புறநகரான பொண்டியில் வீடு வாங்கினார்கள். வீடு பார்க்கப் போன இடமெல்லாம் குகதாசன் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றே கேட்டான். குடிபோன முதல் நாள் காலை கோப்பி ஆறியும் சுவர் சும்மா இருந்தது. துஷாந்தி பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன்தான் பொறுக்கமாட்டாமல் தொலைபேசியை எடுத்தான்.

"மச்சாள், இன்னும் அடுப்பு மூட்டேல்லையோ?"

"மழை, தம்பி. விறகு பத்துதில்லை. கொஞ்சம் பொறுங்கோ."

அவன் பொறுத்தான். சற்று நேரத்தில் புதிய தொட்டிக்கு மேலே ஈரவிறகின் புகை கறுத்து வரத் தொடங்கியது. குகதாசன் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆறிய கோப்பியைச் சூடாக்கப் போனான்.